லிபோரியாவின் கஞ்சிப் பானை

போன ஞாயிறு பூசையில் புதிதாக வந்திருக்கும் பங்குச்சாமியார் லிபோரியாவைப் பற்றிப் பேசினார். "சாந்தமே உருவானவர், வாய் திறந்து ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர், நம் குலெத்தாத் துறைமுகத்தின் புனிதை" என்றார். எனக்கு இருமல் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த என் கணவர் வித்தோ என் காலை மிதித்தார். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்பது மிதித்த விதத்திலேயே தெரிந்தது.

சாமியார் அவளைப் பார்த்ததில்லை. நான் நாற்பது வருடம் ஒரே முற்றத்தில் அவளோடு குடியிருந்தவள். அவள் சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் என் சமையலறை. அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் வித்தோவைத் திட்டினால் அவளுக்குக் கேட்கும். திட்டில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பாள். புனிதையா என்று என்னைக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். சாந்தம் மட்டும் கிடையாது. இதை இப்போதே எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு அவளுக்குச் சுரூபம் செய்து, கண்ணை வானத்தைப் பார்க்க வைத்து, கையில் ஒரு லீலிப் பூவைக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கையில் இருக்க வேண்டியது கரண்டி.

லிபோரியா பிறந்தது சிசிலியில் இருக்கும் த்ராப்பனியில், உப்பளத்தில் வேலை செய்த ஒருவருக்கு மகளாக. ஆறு வயதில் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டே கடலைத் தாண்டி இந்த அரபுக் கரைக்கு வந்து சேர்ந்தாள். எங்கள் எல்லோர் கதையும் அதுதான். யாருடைய அப்பா, எந்தப் படகு என்பது மட்டும் மாறும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். "ஒருத்தனுக்குச் சும்மா சட்டை தேய்க்கிறதுக்கு, ஊருக்கே தேய்ச்சாக் காசாவது வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். துணி தேய்ப்பதுதான் அவள் தொழில். கால்வாய்க்கு அந்தப் பக்கம் குடியிருந்த பிரெஞ்சு அதிகாரிகளின் சட்டைகள், மேசை விரிப்புகள், குழந்தைகளின் ஞானஸ்நான உடுப்புகள் எல்லாம் அவளுடைய இஸ்திரிப் பெட்டியைத் தேடி வரும்.

நான் கல்யாணமாகி இந்த முற்றத்துக்கு வருவதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரே புயலில் மூன்று படகுகள் திரும்பவில்லை. பதினோரு வீடுகளில் அடுப்பு எரியவில்லை. மூன்றாம் நாள் லிபோரியா இஸ்திரிப் பெட்டிக்கு வைத்திருந்த கரியை முற்றத்து அடுப்பில் கொட்டி, துணி வெளுக்கும் பெரிய செம்புப் பானையை விளக்கி அதன்மேல் ஏற்றினாள். காய்ந்த மொச்சையைக் குழைய வேகவிட்டு, மேட்டில் முளைக்கும் பெருஞ்சீரகத் தழையைக் கிள்ளிப் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். கோயிலில் நண்பகல் மணி அடிக்கும்போது பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து ஊற்றினாள். அந்தப் பதினோரு வீடுகளும் எப்படியோ நிமிர்ந்துவிட்டன. பானை மட்டும் இறங்கவில்லை. பிறகு வேறு பசிகள் வந்தன. சிசிலிக்காரர், மால்ட்டாக்காரர், அரபிகள், யூதர்கள், கப்பலை விட்டுவிட்ட மாலுமிகள், யாருடைய ஊர் பேரையும் அவள் கேட்டதில்லை. "தட்டு கொண்டு வந்தியா?" என்று மட்டும் கேட்பாள்.

பானைக்கு வேண்டியதை அவள் கேட்டு வாங்குவாள். அவள் கேட்பதைப் பார்த்திருக்க வேண்டும். விடிந்ததும் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கூடையோடு போய் நடுவில் நிற்பாள். யாராவது மனமிரங்கி ஒரு மீனைப் போட்டால் முதலில் முகர்ந்து பார்ப்பாள். கெட்டிருந்தால் அவர் காலடியிலேயே திருப்பிப் போடுவாள். "இத உன் மாமியாருக்குக் குடு. ஏழைக்கும் மூக்கு இருக்கு."

ஒருமுறை தானியக் கடைக்காரர் ஒருவர் புழுத்துப்போன மொச்சையை ஒரு மூட்டை கொடுத்துப் புண்ணியம் தேடப் பார்த்தார். லிபோரியா அவர் கடை வாசலிலேயே விரிப்பை விரித்து, மூட்டையைக் கொட்டி, ஒவ்வொரு வண்டாகப் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "இவரு மனசு யாருக்கு வரும்? தவக்காலத்துலயும் ஏழைங்களுக்குக் கறி சேத்துக் குடுக்குறாரு" என்று வண்டைக் காட்டினாள். மாலைக்குள் அந்த மனிதர் நல்ல மூட்டையைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முற்றத்தில் இறக்கினார். இதுதான் சாமியார் சொன்ன சாந்தம்.

இன்னொன்றை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். அந்தக் கஞ்சியில் உப்பு அதிகம். கொஞ்சநஞ்சம் இல்லை. குடித்தவர்கள் நேராகத் தெருக் குழாய்க்குப் போவார்கள். லிபோரியாவின் வரிசை அங்கே முடிந்து குழாயடி வரிசை இங்கே தொடங்கும். ஆனால் சும்மா கிடைக்கும் கஞ்சியில் உப்பு கூட என்று எவன் சொல்வான்? சொன்னால் கரண்டி எங்கே விழும் என்றும் தெரியாது. ஊர் முழுக்கத் தெரிந்த அந்த விஷயம் லிபோரியாவுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

அவளுக்கு அறுபது தாண்டியபோது விரல்கள் மடங்கத் தொடங்கின. இஸ்திரிப் பெட்டியின் பிடியைப் பிடித்த விரல்கள் அதே வளைவில் நின்றுவிட்டன. பிரெஞ்சு வீடுகள் ஒவ்வொன்றாக வேறு ஆள் பார்த்துக்கொண்டன. முதலில் அவள் காதுத் தோடு போனது, பிறகு கட்டில் விரிப்பு, பிறகு இரண்டு இஸ்திரிப் பெட்டிகளும் போயின. கஞ்சிப் பானை மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. விரலால் பிடிக்க முடியாத கூடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு போய்க் கேட்டு வந்தாள். பாவாடை இடுப்பில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டுமளவுக்கு அவள் இளைத்ததை நான் பார்த்தேன். வயது என்று நினைத்துக்கொண்டேன். அவள் அறுபத்தெட்டு வயதில், ஜனவரி மாதம் ஒரு நண்பகலில், கரண்டியைப் பிடித்தபடியே பானைக்குப் பக்கத்தில் விழுந்தாள்.

அவளை உள்ளே தூக்கிப் படுக்க வைத்தோம், மருத்துவர் வந்தார். நாடியைப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"இவங்களுக்கு நோய் எதுவும் இல்ல. பசி. இப்படியே போனா கோடையப் பாக்க மாட்டாங்க."

முற்றத்தில் முப்பது பேர் உட்கார்ந்து அவள் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"பானைக்குப் பக்கத்துலயே நின்னுகிட்டுப் பட்டினி கிடக்குறியா அக்கா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"கத்தாத. அது என் கஞ்சி இல்ல. கேட்டு வாங்கினது."

"ஏழைங்களுக்குன்னு கேட்டது. நீ இப்ப யாரு, மகாராணியா?"

"ஏழைங்களுக்குன்னு நான் கேட்டு வாங்கினது என் வாய்க்குள்ள போகாது. ஒரு கரண்டி போகாது. ருசி பாக்கக்கூட நாக்குல வச்சதில்ல. உழைச்சுத்தான் தின்னேன். இப்பக் கை வரல. அவ்வளவுதான்."

"எந்தச் சாமியார் போட்ட சட்டம் இது?"

"சாமியார் போடல," என்றாள். "நீதான் போட்ட."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் புதுப்பெண்ணாக வந்த வருடம், குழாயடியில், அவள் குடத்தோடு வருவதைப் பார்த்து மற்றப் பெண்களிடம் நான் சொன்னதாம். ஒரு எழுத்து மறக்காமல் திருப்பிச் சொன்னாள். "ஊரெல்லாம் கேட்டுக் கூடைய நெரப்புறா. ஏழைங்க இளைச்சுக்கிட்டே போறாங்க, கூடைக்காரி மட்டும் உருண்டுகிட்டே வர்றாளே, அது எப்படிடி?" எல்லோரும் சிரித்தார்களாம்.

எனக்கு அது நினைவே இல்லை. அந்தக் குழாயடியில் நான் அப்படி ஆயிரம் சொல்லியிருப்பேன். சிரிக்க வைப்பதுதான் அப்போது எனக்கு முக்கியம்.

"விளையாட்டுக்குச் சொன்னதுக்கா, அக்கா? முப்பத்தோரு வருஷமா?"

"விளையாட்டுக்குத்தான் சொன்ன. ஆனா உண்மையச் சொன்ன. அன்னிக்குக் காலைல பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு கரண்டி குடிச்சிருந்தேன். பசிச்சுது, குடிச்சேன். நீ எங்கயோ இருந்து பாத்துட்டுத்தான் சொல்றியோன்னு நினைச்சேன். அன்னியோட நிறுத்திட்டேன்."

நான் அழுதேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மறுநாளிலிருந்து என் வீட்டுச் சமையலை, என் கணவர் உழைத்த காசில் செய்ததை, தட்டில் போட்டு அவளிடம் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டாள். என் கண்ணெதிரே அந்தத் தட்டு வரிசையில் நின்ற கிழவனிடம் போனது. மன்னிப்புக் கேட்டேன். "நான் எப்பவோ மன்னிச்சாச்சு, வழிய விடு, பானை அடி பிடிக்குது" என்றாள். மன்னிப்பால் அவள் வயிறு நிறையவில்லை.

பிப்ரவரி முழுவதும் யோசித்தேன். பிறகு ஒரு நாள் கோயிலில் சூசையப்பர் சுரூபத்துக்கு முன்னால் போய் நின்று, "என் வாயால வந்தது, என்னால தீரல. உமக்கு ஒரு மேசை போடுறேன், நீர்தான் தீர்க்கணும்" என்று நேர்ந்துகொண்டேன்.

சூசையப்பர் மேசை என்றால் எங்களுக்குள் விளையாட்டு இல்லை. மார்ச் பத்தொன்பதாம் தேதி, நேர்ந்துகொண்டவர் வீட்டில் இறைச்சி இல்லாமல் பத்தொன்பது பதார்த்தம் வைக்க வேண்டும். எல்லாம் வெறுங்காலோடு வீடு வீடாகக் கேட்டு வாங்கியதாக இருக்க வேண்டும். ஏழைகளில் மூன்று பேரைச் சூசையப்பராகவும் மாதாவாகவும் குழந்தை இயேசுவாகவும் அழைத்து உட்கார வைத்து, நேர்ந்தவர் கையால் பரிமாற வேண்டும். மேசைக்கு வந்ததும் அது கேட்டு வாங்கின பொருள் இல்லை, சூசையப்பருடைய சாப்பாடு. மூன்று பேரும் எல்லாப் பதார்த்தத்திலும் சாப்பிட்டாக வேண்டும். ஒன்றை ஒதுக்கினாலும் நேர்த்தி பலிக்காது. மாதாவாக இருப்பவள் கல்யாணமாகாதவளாக இருக்க வேண்டும். வயது இத்தனை என்று எங்கேயும் சொல்லவில்லை. பழைய சாமியாரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

கூப்பிடப் போகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றுதான் கூப்பிட வேண்டும். பதில் வரும்வரை செருப்பைத் தொடக் கூடாது. அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. லிபோரியா கதவைத் திறந்தாள்.

"சூசையப்பர் மேசைக்கு உன்ன மாதாவா கூப்பிட வந்திருக்கேன் அக்கா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அறுபத்தெட்டு வயசுல மாதாவா? அப்ப சூசையப்பரக் கல்லறையில இருந்துதான் எழுப்பிட்டு வரணும்."

"மால்ட்டாக்கார ஸ்பீரோ கிழவன் வர்றேன்னு சொல்லியாச்சு."

"அதத்தான் நானும் சொன்னேன். போடி வேலையப் பாத்துகிட்டு."

"வெக்கப்பட்டுகிட்டு மேசைக்கு வரமாட்டேன்னவங்ககிட்ட எல்லாம் நீ என்ன சொல்வ? கூப்பிடுறது நான் இல்ல, சூசையப்பர். வேண்டாம்னா அவர்கிட்டயே போய்ச் சொல்லுன்னு சொல்வல்ல? இப்பப் போய்ச் சொல்லு."

கதவு என் மூக்குக்கு முன்னால் அறைந்து சாத்தப்பட்டது. நான் அங்கேயே நின்றேன். மழை வலுத்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துச் சிரித்தார்கள். வித்தோ குடை கொண்டுவந்தார், விரட்டிவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து லிபோரியாவின் ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது.

"செருப்பப் போடு. சளி பிடிச்சுச் சாவ."

"நீ சரின்னு சொல்லு, போடுறேன்."

"உன் பொணத்துக்குச் சூப்பு வைக்க எனக்கு நேரமில்ல."

"நீ வைக்கிற சூப்பு எனக்கு வேண்டாம்."

ஜன்னல் சாத்திக்கொண்டது. இன்னும் அரைமணி நேரம் போயிருக்கும். எனக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. கதவு திறந்தது. அவள் கையில் ஒரு பழைய துண்டு இருந்தது.

"காலத் தொட. வர்றேன். ஒரு நாளுக்குத்தான். உன் நேர்த்திக்காகத்தான்."

அதற்குப் பிறகு வெறுங்காலோடு கேட்கப் போனேன். லிபோரியா முப்பது வருடம் நிமிர்ந்த தலையோடு செய்ததை என்னால் முதல் வாசலில் வாய் திறந்து செய்ய முடியவில்லை. கை நீட்டுவது இவ்வளவு கனமா என்று இருந்தது. யாருக்காக என்று சொன்ன பிறகு கஷ்டமே இல்லை. எண்ணெய், கூனைப்பூ, ஆரஞ்சு, தேன், கருவாடு என்று கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்தார்கள். புழுத்த மொச்சை கொடுத்தாரே, அவர் மகன் நல்ல மொச்சையாக ஒரு மூட்டை அனுப்பினான். பத்தொன்பதாவது பதார்த்தம் அவளுடைய கஞ்சிதான் என்று முடிவு செய்திருந்தேன். உப்புப் போடும்போது வித்தோ என் கையைப் பிடித்தார்.

"பாத்துப் போடு. பாவம், நல்ல சாப்பாடா சாப்பிடட்டும்."

"அவ எப்படிப் போடுவாளோ அப்படித்தான்," என்று சொல்லி நிறைய இரண்டு கைப்பிடி போட்டேன். ருசி பார்க்காமலே போட்டுக்கொண்டிருந்த உப்பு அது என்று எனக்கு இப்போது தெரியும். அவளுக்கும் தெரியட்டும் என்று ஒரு குறும்பு.

திருநாளன்று தெருவே திரண்டு வந்தது. ஸ்பீரோ கிழவன் குதிரை வண்டி ஓட்டிக் கால் விளங்காமல் போனவன். கம்பை ஊன்றிக்கொண்டு, பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு முன்னால் நின்றான். நீல முக்காட்டில் லிபோரியா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு தாய் தகப்பனில்லாத நாலு வயதுக் குழந்தை ஒன்று. வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மூன்று பேரும் மூன்று கதவு தட்ட வேண்டும். முதல் இரண்டு வீட்டிலும் இடமில்லை என்று விரட்ட வேண்டும். மூன்றாவது கதவு, நேர்ந்தவர் வீட்டுக் கதவு, அதுதான் திறக்க வேண்டும். முதல் கதவு திறந்துவிட்டால் திருநாளே கெட்டுப்போகும் என்று எங்களுக்குப் பயம்.

முதல் கதவு மீன் ஏலம் போடும் கஸ்பாரே வீடு. துறைமுகத்திலேயே பெரிய குரல் அவனுடையது. அந்த மூன்று படகுகளில் ஒன்றில் அவன் அப்பா போனபோது அவனுக்கு ஏழு வயது. அதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. குரலைத்தான் யோசித்தேன்.

ஸ்பீரோ கம்பால் தட்டினான்.

"யாரு?" உள்ளிருந்து இடிபோல வந்தது.

"இயேசு, மரி, சூசை!" என்றான் ஸ்பீரோ.

"என்ன வேணும்?"

"தங்க இடமும் சாப்பிடச் சாப்பாடும்," என்றாள் லிபோரியா.

இப்போது கஸ்பாரே, 'இங்க இடமில்ல, அடுத்த வீட்டுக்குப் போ' என்று சொல்ல வேண்டும். ஆனால் தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. கஸ்பாரே வாசற்படியில் நின்றான், முகமெல்லாம் ஈரம்.

"உள்ள வாங்க பெரியம்மா."

தெருவே, ஐயோ என்றது.

"மூடுடா கதவ!" என்று கத்தினாள் மாதா. "நீ திறக்கக் கூடாதுடா, கழுதை! இடமில்லன்னு சொல்லு!"

"என்னால முடியல பெரியம்மா."

"நாள் பூரா மீனப் பத்திப் பொய் சொல்ற வாய்தான? ஒரு பொய் எனக்காகச் சொல்லு. மூடு."

மூடினான். ஸ்பீரோ மறுபடியும் தட்டினான். யாரு, என்ன வேணும் எல்லாம் வந்தது. "தங்க இடமும் சாப்பிடச் சாப்பாடும்" என்று லிபோரியா சொன்னதும் உள்ளே ஒரு விசும்பல் கேட்டது. கதவு மறுபடியும் திறந்தது. மூன்றாவது முறை அவன் பெண்டாட்டி அவனைப் பின்னால் இழுத்துப் போட்டுவிட்டு, தானே கதவிடுக்கில் வாயை வைத்து, "இங்க இடமில்ல, போங்க" என்று கத்திவிட்டு அவளும் அழுதாள்.

நான் லிபோரியாவின் முகத்தைப் பார்த்தேன். திட்டிக்கொண்டேதான் நடந்தாள். ஆனால் முக்காட்டின் நுனியால் இரண்டு முறை கண்ணைத் துடைத்தாள். எத்தனை பேருக்குக் கஞ்சி ஊற்றினோம் என்று அவளுக்குத் தெரியும். அவர்களுக்கு அவள் யார் என்பதை அன்றுவரை அவள் நின்று பார்த்ததில்லை.

இரண்டாவது கதவு அடுப்புக்கார ஹமூதாவுடையது. எங்கள் ரொட்டியெல்லாம் அவன் அடுப்பில்தான் வேகிறது. முன்பே வந்து பலமுறை சொல்லிப் பழகிவிட்டுப் போயிருந்தான். ஸ்பீரோ தட்டினான், லிபோரியா கேட்டாள். உள்ளே நீண்ட பெருமூச்சு.

"இங்க இடம்..." என்றான் ஹமூதா. நிறுத்தினான். "இடம்... அல்லா மேல ஆணையா, வாசல்ல வந்து நின்னவங்கள எப்படிப் போன்னு சொல்றது?"

"ஹமூதா!" என்று மிரட்டினேன் நான்.

"சரிம்மா, சரி! இங்க இடமில்ல! அடுப்பு கொதிக்குது, உள்ள வந்தா வெந்துருவீங்க! அதனாலதான்! வேற காரணமே கிடையாது!" கதவு ஒரு சாண் திறந்தது, ஒரு கை வெளியே வந்தது. கையில் சுடச்சுட ஒரு பெரிய ரொட்டி. "இதப் பிடிங்க தாயி."

சிரிக்காதவர்கள் இல்லை. பழைய சாமியார்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது கதவு என்னுடையது. நான் ஓடிப்போய் உள்ளே நின்று திறந்தேன். "வாங்க, மேசை தயார்" என்றேன். "வாழ்க சூசையப்பர்!" என்று தெரு முழுவதும் கத்தியது. லிபோரியா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எழுந்தாள், தட்டு எடுக்க. தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"மாதா தட்டு தூக்க மாட்டா. உக்காரு."

சுற்றிலும் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். அவர்கள் முடிக்கும்வரை வேறு யாரும் கை வைக்கக் கூடாது. கூனைப்பூ சாப்பிட்டாள். மீனோடு சேர்த்த பாஸ்தா சாப்பிட்டாள். முதலில் கொறித்தாள், பிறகு பசி அவளை மீறிவிட்டது. கடைசியாக நான் கஞ்சிக் கிண்ணத்தை வைத்தேன். கரண்டியை எடுத்தாள், என்னைப் பார்த்தாள், வாயில் வைத்தாள்.

அவள் முகம் சுருங்கியதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. தண்ணீரை எடுத்து ஒரு மடக்கில் குடித்தாள்.

"இது என்னடி?"

"உன் கஞ்சி."

"நான் வைக்கிற மாதிரியா?"

"நீ வைக்கிற மாதிரியேதான். ரெண்டு கைப்பிடி."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். "முப்பத்தோரு வருஷமா இதையா குடிச்சீங்க?"

"ருசியாத்தான் இருக்கும் பெரியம்மா," என்றான் கஸ்பாரே.

"தவக்காலத்துல பொய் சொல்லாதடா."

"இப்பத்தான பொய் சொல்லச் சொன்னீங்க?"

ஸ்பீரோ தாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "ரெண்டாவது செம்புத் தண்ணிக்கு அப்புறம் சரியாயிடும், லிபோரியாம்மா. எங்களுக்குப் பழகிப்போச்சு."

"ஒருத்தராவது சொல்லக் கூடாதா பாவிங்களா?"

"உன்கிட்டச் சொல்ல யாருக்குத் தைரியம் இருந்துச்சு?" என்றேன்.

லிபோரியா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து, முக்காடு நழுவி விழுந்து, அது அழுகையாகி, மறுபடியும் சிரிப்பாகியது. பிறகு கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, அந்த உப்புக் கஞ்சியை அடி தெரியக் குடித்து முடித்தாள். என் நேர்த்தி பலித்தது.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தூக்கமில்லை. ஒரு நாளுக்குத்தான் என்று சொல்லியிருந்தாளே. மேசையில் மிச்சமானதை எல்லாம் வழக்கப்படி அவர்கள் மூவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தனுப்பியிருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் அவளுடைய கூடை காலி. விடிவதற்குள் ஊருக்குப் பங்கு வைத்துவிட்டாள். சூசையப்பரின் சாப்பாடு முடிந்தது, இனி பழையபடி அவளுடைய சட்டம்தான் என்று நினைத்தேன். மருத்துவர் சொன்ன கோடை என் கண் முன்னால் வந்தது. நண்பகல் மணி அடித்தது. முற்றத்தில் பானை கொதித்தது, வரிசை வந்தது, போனது. அன்று குழாயடியில் கூட்டமில்லை என்பதைக்கூட நான் கவலையில் கவனிக்கவில்லை.

என் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். லிபோரியா நின்றிருந்தாள், மடங்கிய விரல்களுக்கு இடையில் அவளுடைய சொந்தத் தட்டு.

"என்ன வேணும்?" என்றேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

அவள் தட்டைப் பார்த்தாள். முப்பத்தோரு வருடம் மற்றவர்களுக்காகத் தயங்காமல் கேட்ட வாய், தனக்கென்று கேட்கத் தடுமாறியது.

"பசிக்குது நின்ஃபா. இங்க இடம் இருக்கா?"

அழுதால் அவள் திரும்பிப் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கஸ்பாரேவால் சொல்ல முடியாததை, ஹமூதாவால் சொல்ல முடியாததை, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி நான் சொன்னேன்.

"இங்க இடமில்ல, அடுத்த வீட்டுக்குப் போ!"

லிபோரியா என்னைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, வித்தோவின் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மேசைமேல் வைத்தாள். அடுத்த ஒன்பது வருடமும் அதே நாற்காலிதான்.

"என்ன சமையல்?" என்றாள். "கொண்டா. முதல்ல உப்பப் பாக்குறேன்."